முகில் வளவுக் கலியாணம்

கல்முனையில் ஒரு கண் கிளினிக். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளை ஒருத்தி கதவைத் திறந்து, "சீனிமுகம்மது" என்று கூப்பிட்டாள். ஒருவரும் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டாள். முன்வரிசையில் இருந்த சீனிமுகம்மது, ஆரந்த மனுசன், காதும் கேளாதோ என்று, மற்றவர்களைப் போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவி சுல்பிகா அவருடைய தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"உங்களத்தான் கூப்பிடுறா. எழும்புங்க."

"என்னையா?"

"பின்ன என்னையா?"

அவர் வெட்கத்தோடு எழும்பி உள்ளே போனார். கண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கண்ணாடி போட்டால் போதும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகும் சீனிமுகம்மதுவின் மனதில் அந்தப் பெயரே நின்றது. வாப்பா காதில் பாங்கு சொல்லி வைத்த பெயர். உம்மா மட்டும் அதைச் சுருக்காமல் முழுதாகக் கூப்பிடுவா. உம்மா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. சுல்பிகா புருசன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து "இஞ்ச பாருங்க" என்பதுதான் அவள் அவருக்கு வைத்த பெயர். மகளுக்கு அவர் வாப்பா. தங்கச்சிமாரின் பிள்ளைகளுக்கு மாமா. சாய்ந்தமருதுக்கும், அதற்கு அங்கால் ஒலுவில் துறைமுகம் வரையுள்ள சனத்துக்கும் அவர் முகில்.

அந்தப் பெயர் வந்த நாளை நினைத்தால் சீனிமுகம்மதுவுக்கு இன்றைக்கும் காது சூடாகும்.

அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளந்தாரி. கரைவலையில் வேலை. கூட்டாளி கலந்தரின் வாப்பாதான் வலைக்கு மண்டாடி, அதாவது எப்போது தோணியைத் தள்ளுவது, எங்கே வலையை விடுவது என்று தீர்மானிக்கிற தலைவர். மீன் கூட்டம் வருகிறதா என்று மணல்மேட்டில் நின்று பார்க்கிற வேலையை அன்றைக்கு முதன்முதலாகச் சீனிமுகம்மதுவிடம் கொடுத்தார். "உன்ட கண் நல்ல கண், மனே. தண்ணி கறுத்துக்கொண்டு வந்தா சால்வைய வீசு" என்று மட்டும் சொன்னார்.

கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் காரைதீவுப் பக்கமிருந்து தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. சாதாரணக் கறுப்பு இல்லை. ஒரு மைதானம் அளவுக்குக் கறுப்பு. அவ்வளவும் கீரி மீன் என்றால் ஊருக்கே ஒரு கிழமைக்குக் கறி. சீனிமுகம்மது சால்வையை வீசினார். வீசினது போதாதென்று துள்ளினார், குளறினார். தோணி பாய்ந்தது. பக்கத்து வலைக்காரரும் தங்கள் தோணியைத் தள்ளினார்கள். சைக்கிளில் மீன் விற்கிறவர்கள் பெட்டியோடு வரிசையாக வந்து நின்றார்கள். பெண்கள் கூடையோடு வேலியோரம் கூடினார்கள். கறுப்பைச் சுற்றி வலையைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, பாட்டுப் படித்து இழுத்தார்கள்.

இழுக்க இழுக்க, அந்தக் கறுப்பு வலையைத் தாண்டி நடந்து வந்தது. கரையில் ஏறியது. இழுத்துக்கொண்டு நின்றவர்களின் தலைக்கு மேலாலே போய், பெண்களின் கூடைகளுக்கு மேலாலே போய், தென்னந்தோப்புக்குள் நுழைந்தது. எல்லோரும் ஒருசேர மேலே பார்த்தார்கள். நல்ல கொழுத்த முகில் ஒன்று, ஒரு அவசரமும் இல்லாமல் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

வலையின் மடியில் நாலைந்து நண்டும் ஒரு ரப்பர்ச் செருப்பும் வந்தன.

மண்டாடி செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மணலில் வைத்தார். கலந்தர்தான் மணலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "முகில் பிடிச்சிட்டான்டா! நம்மட ஆள் முகிலப் பிடிச்சிட்டான்!"

மஃரிபுத் தொழுகைக்கு முன் அந்தச் செய்தி மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒரு மாரியில் அழிந்திருக்கும். அடுத்த வருடம் சீனிமுகம்மதுவுக்கும் சுல்பிகாவுக்கும் நிக்காஹ். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. புதுச் சாரம், தொப்பி, அத்தர் எல்லாம் போட்டுக்கொண்டு மாமனாரின் வீட்டு வளவில் சீனிமுகம்மது தலை குனிந்து இருந்தார். பதிவுகாரர் கொப்பியைத் திறந்து, சாட்சிக்கு வந்திருந்த கலந்தரிடம், "சீனிமுகம்மதுவ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

கலந்தர் அதை வேண்டுமென்று சொன்னானா, யோசிக்காமல் சொன்னானா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. "சீனிமுகம்மதா? ஆரது? இது நம்மட முகிலெல்லே!" என்றான்.

பந்தலே சிரித்தது. பதிவுகாரர் சிரித்தார். மறைவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மணப்பெண்ணும் சிரித்ததாக ஒரு கதை உண்டு. சுல்பிகா இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து சுல்பிகாவின் வளவு முகில் வளவானது. வளவுக்குப் போகிற ஒழுங்கை முகில் லேன் ஆனது. கரைவலையை விட்டுவிட்டு ஒலுவில் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக் கொடுக்கிற தொழிலை அவர் தொடங்கியபோது அது முகில் ஐஸ் ஆனது. "முகில்ட ஐஸ் ஏத்தினா நாலு நாளைக்குக் கரையாது" என்று படகுக்காரர்கள் அவரைப் புகழ்ந்ததும் அந்தப் பெயரில்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவி, ஆளுக்கு ஆள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது மார்க்கத்தில் கூடாதென்று உருக்கமாகப் பயான் செய்தார். சீனிமுகம்மது முன் வரிசையில் இருந்து அழுதே விட்டார். பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும்போது ஒருவர் வந்து அவருடைய தோளில் கை போட்டார். "கேட்டியா முகில்? இனி உன்ன அப்பிடிக் கூப்பிடப் படாதாம்."

தனக்கென்றால் அவர் எப்போதோ பழகிவிட்டார். ஒரு நாள்தான் பழகமுடியாமல் போனது. மகள் பஸ்மிலா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, மழை பெய்த ஒரு நாளில், வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, "உன்ட வாப்பாவ அங்கால போகச் சொல்லு, எங்களுக்கு விளையாடணும்" என்று கத்தினார்களாம். பிள்ளை நனைந்த புத்தகப் பையோடு அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகாமல் அவளோடு தாயக்கட்டை விளையாடினார் சீனிமுகம்மது. வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஒலுவில் கெம்பஸில் இங்கிலீஷ் படித்தாள். கடைசி வருடத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பழைய வினைச்சொல் ஒன்றை எடுத்து, அது எங்கே பிறந்தது, என்னென்ன கருத்தில் வந்தது என்று எழுத வேண்டும். ஒரு பின்னேரம் அவள் மடிக்கணினியோடு குசினி வாசலில் இருந்தாள். சுல்பிகா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சீனிமுகம்மது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல் மகள் எடுத்த?"

"மிஸ்கோல், வாப்பா."

"அதுக்கு என்னத்துக்குக் கெம்பஸ்?" என்றாள் சுல்பிகா. "என்ட தங்கச்சி ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடிக்காள். காசு மிச்சம் பிடிக்க."

"அது வேற உம்மா. ஃபோனெல்லாம் வாறதுக்கு ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முந்தின சொல் இது. ஒராளப் பிழையான பேர் சொல்லிக் கூப்பிடுறது. அதான் முதல் கருத்து."

தேத்தண்ணிக் கோப்பை சீனிமுகம்மதுவின் வாய்க்குக் கிட்டே நின்றுவிட்டது.

"அதுக்கெண்டு ஒரு சொல்லே வச்சிரிக்கானுகளா?"

"ஓம். முன்னால வாற மிஸ் எண்டது இங்கிலாந்துட பழைய துண்டு. பிழை, கெட்டது எண்ட கருத்து. பின்னால வாற கோல் எண்டதுதான், கூப்பிடுறது, அது வடக்குப் பக்கத்துக் கடல்காரங்கட பாஷையில இருந்து வந்த எண்டுதான் கூடுதலாச் சொல்லுற. அவங்க தோணியில வந்து இறங்கின ஆக்கள்."

"தோணியில வந்த சொல்லா!" அவர் நிமிர்ந்து இருந்தார். அந்த இடம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "அப்பிடிச் சொல்லு. கடல்காரன்ட வேலைதான். மற்ற ஆக்களுக்கு இப்பிடி வராது."

"ரெண்டாவது கருத்து, ஒராள ஏசுறது, கண்டபடி பேர் வச்சுத் திட்டுறது. ஸ்கொட்லாந்துப் பக்கம் அது இன்னும் இரிக்காம். வேற ஒரு கருத்தும் இரிக்கி. வாசிக்கக்குள்ள ஒரு சொல்லப் பிழையா வாசிச்சாலும் இதே சொல்தானாம். எனக்கு ஆச்சரியம் என்னெண்டா வாப்பா, பேர் மாறிக் கூப்பிடுறதுக்கும் ஏசுறதுக்கும் அவங்களுக்கு ஒரே சொல்தான்."

சீனிமுகம்மது கோப்பையைக் கீழே வைத்தார். மகள் ஏன் அந்தச் சொல்லை எடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அப்ப இந்த ஊர் என்ன முப்பது வருசமா மிஸ்கோல் பண்ணியிரிக்கி."

"எந்தக் கருத்துல, வாப்பா?"

"முதல் கருத்துல மட்டும்தான்" என்றார் அவர். பிறகு யோசித்து, "கலந்தர் கூப்பிட்டா ரெண்டாவதும் கொஞ்சம் இரிக்கி" என்றார். இன்னும் யோசித்து, "சரி, பேர் பிழை, ஆள் சரி. அதுக்கு என்ன சொல்லாம்?" என்று கேட்டார்.

பஸ்மிலா கணினியைப் பார்த்தாள். "அதுக்கு ஒண்டும் போட்டில்ல, வாப்பா."

அந்த வருடமே, கண் கிளினிக்குக்குப் போய் வந்த பிறகு, பஸ்மிலாவுக்கு மருதமுனையிலிருந்து ஹாதிக் என்ற மாப்பிள்ளை பொருந்தி வந்தார். சீனிமுகம்மது மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தார். மகளின் கலியாணத்தில், ஒலிபெருக்கியில், ஊர் கேட்க, அவருடைய உண்மையான பெயர் ஒலிக்க வேண்டும். தான் பட்ட சிரிப்பு மகளின் பந்தலில் கேட்கக் கூடாது. ஒரு நாளைக்கு, ஒரேயொரு நாளைக்கு, அவள் சீனிமுகம்மதுவின் மகளாக இருக்கட்டும். மூன்றாம் வகுப்பில் கொடுக்க முடியாமல் போனதை அப்படியாவது கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் கலியாண அழைப்புக் காட் அடிக்கக் கல்முனைக்குப் போனார். அச்சகத்துப் பையன் அடித்துக் காட்டிய மாதிரியில் விலாசம், "மணமகள் இல்லம், முகில் லேன், சாய்ந்தமருது" என்று இருந்தது. பையன் தானாகவே போட்டது.

"இந்த லேனை வெட்டு."

"வெட்டினா இடம் விளங்காதே, காக்கா?"

"சீனிமுகம்மதுட வீடு எண்டா விளங்கும். வெட்டு."

வெட்டினான்.

அடுத்தது கலியாணம் சொல்லுகிற வேலை. இந்த ஊர்களில் காட் என்பது மேசையில் வைக்கத்தான். வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. சுல்பிகா தன் பக்கத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டாள். துறைமுகத்துக் கூட்டாளிமார், பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கம் உள்ளவர்கள் எல்லாம் சீனிமுகம்மதுவின் பங்கு. அவர் போகவில்லை. போனால் ஒவ்வொரு வாசலிலும் "வா முகில்!" என்று ஒரு குரல் எழும்பும். நேர்த்தி அங்கேயே முறியும். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று சொல்லித் துறைமுகத்துக்கும் சில கிழமை போகாமல் இருந்தார். ஐஸை ஆள் வைத்து அனுப்பினார். சுல்பிகாவின் மருமகன் முறையான றிஸ்மியைக் கூப்பிட்டு, மோட்டார் சைக்கிளில் காட்டுகளைக் கொடுத்தனுப்பினார்.

"ஆர்ட கலியாணம் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

"முகில் மாமாட..."

"சீனிமுகம்மதுட எண்டு சொல்லு! வேற ஒண்டும் கதைக்கப் படாது. குடுத்த கையோட வா."

"வாயால சொல்லாத கலியாணத்துக்கு ஆரு வருவாங்க?" என்று சுல்பிகா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏன், எல்லாரும் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தானே?"

"வாசிக்கத் தெரியும். உங்கள ஆருக்குத் தெரியும்?"

அவர் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய்விட்டார்.

கலியாண நாள் வெயிலும் காற்றுமாக விடிந்தது. நண்பகல் ளுஹர் தொழுததும் நிக்காஹ், அதன் பிறகு சாப்பாடு. வளவு முழுக்கப் பந்தல். ஐஸ் லொறியைக் கழுவி ஒழுங்கை முடிவில் நிறுத்தியிருந்தார். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. பிரியாணிக் கிடாரங்களின் வாசம் கடற்கரை வரை போனது. சுல்பிகாவின் சொந்தக்காரர் முன் கதிரைகளில் வந்து இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக வெறும் கதிரை. காற்று வந்து பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கவிழ்த்துவிட்டுப் போனது. அதை நிமிர்த்தவும் ஆளில்லை.

சமையல்காரர் வந்தார். "காக்கா, கிடாரத்தத் திறக்கவா? இல்ல, இன்னும் ஆக்கள் வரணுமா?"

"வருவாங்க. பொறு."

மாப்பிள்ளை வீட்டார் மருதமுனையிலிருந்து வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சீனிமுகம்மது ஒழுங்கை முகப்புக்கும் பந்தலுக்கும் நடந்தார். துறைமுகத்து ஆட்கள் ஒருவர்கூட இல்லை. எத்தனையோ வருடமாக ஒரே படகடியில் நின்ற மனிதர்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இந்த வெறும் கதிரைகளைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பஸ்மிலாவுக்கு இந்த ஊரில் ஒரு சனமும் இல்லை என்றல்லவா நினைப்பார்கள்? சுல்பிகா யன்னலால் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஏச்சே மேல்.

அப்போது ஃபோன் அடித்தது. கலந்தர். கலந்தர் பாலமுனையில் பெண் எடுத்து, இப்போது மூன்று படகுக்குச் சொந்தக்காரன்.

"முகில், எங்கடா நிக்கிறாய்?"

"வீட்டதான். நீ எங்க?"

"நான் உன்ட ஊர்லதான், கலியாணத்துக்கு வந்து நிக்கன். துறைமுகத்து ஆக்கள் எல்லாம் இஞ்சதான். உனக்குக் காட் வரல்லியா?"

"ஆர்ட கலியாணம்?"

"ஆர்ட எண்டு கேக்கான் பாரு! சீனிமுகம்மது ஹாஜியார்ட. மெயின் றோட்டுச் சீமெந்துக் கடை. கடை வாசல்ல தொங்குற போட்ல பேரப் பார்த்திருப்பாய்தானே? மனுசன் நம்மளையும் மதிச்சு ஆளுக்கொரு காட் அனுப்பியிரிக்கார்டா. பெரிய மனுசன் எண்டதால நாங்களும் எல்லாரும் சேர்ந்து ஒரு வோஷிங் மெஷின் எடுத்துக்கொண்டு வந்த. ஆனா மச்சான், இஞ்ச பந்தலும் இல்ல, கிடாரமும் இல்ல. ஹாஜியார் முழிச்சிக்கொண்டு நிக்கார். பணக்காரன் கலியாணம் இப்பிடித்தானோ தெரியா. நீயும் வாவன். காட் இல்லாட்டிப் பரவால்ல, நான் கூட்டிப் போறன்."

சீனிமுகம்மது பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டார்.

"அதுசரி," என்றான் கலந்தர், "உன்ட மகளுக்கும் பொருந்தியிரிக்கி எண்டாங்க. எப்ப கலியாணம்? எனக்குச் சொல்லாம விட்டாய் எண்டா உன்ட முகத்துல முழிக்க மாட்டன், சொல்லிட்டன்."

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், மணப்பெண் கோலத்தில் பஸ்மிலா வாசல் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். அவர் விசயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கு முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் மை கலையக் கூடாதே என்று விரலால் கண்ணின் கீழே ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

"போய்க் கூட்டி வாங்க, வாப்பா."

"போனா அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும் மகள். வேற பேர்ல ஒருவனும் வரமாட்டான்."

"சொல்லிக் கூப்பிடுங்க. பேர் பிழை, ஆள் சரி எண்டு நீங்கதானே சொன்ன? கெதியாப் போங்க வாப்பா, எனக்குப் பசிக்கிது."

ஐஸ் லொறியை அவர் எடுத்த வேகத்தில் ஒழுங்கைக் கோழிகள் மதிலேறின.

ஹாஜியார் வளவு நிறைய ஆட்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை, புதுச் சாரம், அத்தர். பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த துறைமுகத்துக் கூட்டாளி கோணாமலை அண்ணனும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். நடுவில் பெரிய பெட்டியில் வோஷிங் மெஷின். ஹாஜியார் வீட்டுப் பெண்கள் அகப்பட்ட கோப்பையிலெல்லாம் தேத்தண்ணி ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தடித்த கண்ணாடியோடு ஹாஜியார் படியில் நின்று, "எனக்கு நாலும் ஆம்பிளப் பிள்ளையள்! மகளே இல்ல! நான் ஆரக் கட்டிக் குடுக்கிற?" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முகில் வந்துட்டான்!" என்று கலந்தர் கையைத் தூக்கினான்.

சீனிமுகம்மது லொறியின் படியில் ஏறி நின்றார். நேர்த்தியை விட இன்னும் அவருக்கு மனமில்லை. "இந்தக் காட் நான் அனுப்பின. சீனிமுகம்மது எண்டது என்ட பேர்."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கோணாமலை அண்ணன் பக்கத்தில் நின்றவரிடம், "ஆராம்?" என்று கேட்டார்.

சீனிமுகம்மது கண்ணை மூடித் திறந்தார். மணல்மேட்டில் சால்வை வீசியபோது வந்த அதே குரல் வயிற்றிலிருந்து எழும்பி வந்தது.

"முகில்ட மகளுக்குக் கலியாணம்! முகில் வளவுல! சோறு ஆறுது, வாங்கடா எல்லாரும்!"

தன் வாயால் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு கலந்தர் சட்டைப் பையிலிருந்து காட்டை எடுத்து, இன்னொருதரம் வாசித்து, அப்படியே வோஷிங் மெஷின் பெட்டியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான். அவனிலிருந்து அது வளவு முழுக்கப் பரவியது. "முகில் எண்டு போட்டிருந்தா விடியச் சுபஹுக்கே வந்திருப்பமேடா!" என்று யாரோ கத்தினார்கள். "முகிலுக்கெண்டா ஒரு பிளாஸ்ரிக் பேசின் போதும், மெஷினத் திருப்பிக் குடுங்க!" என்று இன்னொருவர். சீனிமுகம்மதுவும் சிரித்தார். நிறுத்த முடியவில்லை.

ஹாஜியார் மட்டும் சிரிக்காமல் படியிறங்கி வந்தார். வந்து லொறிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உன்ட பேர் என்ன எண்டாய்?"

"சீனிமுகம்மது, ஹாஜியார். மன்னிச்சுக்கங்க. உங்கட வீட்டக் கலவரமாக்கிட்டன்."

"சீனிமுகம்மதா?" கிழவரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல வெளித்தது. "அந்தப் பேர காதால கேட்டு எத்தின வருசம்! ஹஜ்ஜுக்குப் போய் வந்த நாள்ல இருந்து எல்லாரும் ஹாஜியார்தான். பொஞ்சாதிக்கும் ஹாஜியார்தான். பேர் கடைப் போட்ல மட்டும் கிடக்கு. எங்க, என்ன ஒருக்காக் கூப்பிடு பாப்பம்."

"ஹாஜியார்..."

"அது இல்ல. பேரச் சொல்லு."

பெரிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. லொறியிலிருந்து இறங்கி, அவருக்குச் சமமாக நின்றுகொண்டு கூப்பிட்டார். "சீனிமுகம்மது."

"ஓம்!" என்றார் ஹாஜியார், பள்ளிக்கூடத்தில் பெயர் இடாப்புக் கூப்பிடும்போது சொல்வது போல. சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, மெயின் றோட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டார். "சீனிமுகம்மது!"

உம்மாவுக்குப் பிறகு அந்தப் பெயரை அன்போடு அவரிடம் சொன்ன முதல் வாய் அது. "ஓம்" என்று சொல்ல நினைத்தார். தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

"வா போவம். என்ட பேர்ல கலியாணம் நடக்குது, நான் போகாம இரிக்கிறதா?" என்று ஹாஜியார் லொறியின் முன்சீட்டில் ஏறினார். பின்னால் ஐஸ் ஏற்றுகிற இடத்தில் வோஷிங் மெஷினும் அதைப் பிடித்துக்கொண்டு கலந்தரும் கோணாமலை அண்ணனும். அதற்குப் பின்னால் ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும், சைக்கிள்காரரும் நடக்கிறவர்களும். ஹோர்ன் அடித்துக்கொண்டு அந்தக் கூட்டம் முகில் லேனுக்குள் நுழைந்தபோது, மறுபக்கத்தால் மாப்பிள்ளை வீட்டாரின் வானும் வந்தது. இவ்வளவு பெரிய வரவேற்பைத் தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று மாப்பிள்ளையின் வாப்பா பலதரம் சொன்னார். ஒருவரும் அவரைத் திருத்தவில்லை.

நிக்காஹ் மேடையில் பதிவுகாரர் சாட்சிகளைக் கேட்டார். ஹாஜியார் தானே முன்வந்து இருந்தார். மற்றச் சாட்சியாகக் கலந்தரை இருத்தினார் சீனிமுகம்மது. சுல்பிகா மறைவுக்குப் பின்னாலிருந்து, "திரும்பவும் இவரையா?" என்றது எல்லோருக்கும் கேட்டது.

"மணமகள்ட வாப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்," என்றார் ஹாஜியார். "சீனிமுகம்மது." ஒலிபெருக்கி அந்தப் பெயரை எடுத்து, பந்தலுக்கு மேலாலும் தென்னைகளுக்கு மேலாலும் கடற்கரைக்குக் கொண்டுபோனது.

மைக் கலந்தரிடம் வந்தது. பந்தலே மூச்சைப் பிடித்தது. கலந்தர் தொண்டையைச் செருமினான். "சீனி... சீனிமுகம்மது," என்றான், புதுச் செருப்புப் போட்டு நடக்கிறவன் போல. பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். "அண்டைக்கு உன்ட நிக்காஹ்ல சொன்னத, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்க மச்சான்."

"பொருந்திட்டன்," என்றார் சீனிமுகம்மது. "அந்தப் பேரையும் சேத்துப் பொருந்திட்டன். நீ குடுத்த பேர்தான் இண்டைக்கு என்ட மகளுக்குச் சபை சேத்த."

கையால் மூடியிருந்தும் மைக் அதைக் கேட்டுவிட்டது. சிரிப்பு எழும்பியது. அவர் பயந்துகொண்டிருந்த அதே சிரிப்பு. யன்னலோரம் பஸ்மிலாவும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைக் கட்டிக்கொடுக்கிற வார்த்தையைத் தடுமாறாமல் சொன்னார்.

அன்றைக்குச் சஹன் போதவில்லை. பக்கத்து வீடுகளில் வாங்கிவர வேண்டியிருந்தது.

மாரி தொடங்குகிற நேரம், புதுக் கண்ணாடியைச் சரிபார்க்க அவரும் சுல்பிகாவும் திரும்பக் கல்முனைக் கிளினிக்குக்குப் போனார்கள். அதே பிள்ளை கதவைத் திறந்தாள்.

"சீனிமுகம்மது."

சீனிமுகம்மது முதல் தரம் கூப்பிட்டதுமே எழும்பினார். கிள்ளத் தயாராக இருந்த சுல்பிகா கையை எடுத்துக்கொண்டாள். பின்வரிசையிலும் ஒருவர் எழும்பினார். தடித்த கண்ணாடி. ஹாஜியார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, வாய் நிறையச் சிரித்தார்கள்.

அந்தப் பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தச் சீனிமுகம்மது?"

"அவரக் கூப்பிடுங்க மகள், அவர் பெரியவர்" என்றார் இவர். "நான் முகில். பிறகு வாறன்."